எழுதி வைக்காத கிறிஸ்தவர்கள்

மயிலாப்பூரில் காட்டுக் கோயில் என்று நம் முன்னோர் அழைத்த பிரகாச மாதா ஆலயத்தில், 1516 என்னும் ஆண்டைத் தாங்கிய கல்வெட்டு ஒன்று உண்டு. அவ்வாலயம் எழுந்த கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். திசை தவறிய போர்த்துக்கீசிய மாலுமிகள், கரையில் தெரிந்த ஒளி, அதைத் தொடர்ந்து வந்து அவர்கள் கண்ட காடு: கதை சொல்பவருக்கேற்ப இவை சற்றே கூடும், குறையும். கல் அப்படியன்று. அந்த ஆண்டைப் பற்றி ஐயுறும் வரலாற்றாசிரியரும் அக்கல்லை முன்வைத்துத்தான் வாதிட வேண்டியிருக்கிறது.

நம் பங்குகளில் பேசுவோருக்குப் பஞ்சமில்லை. அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தையைக் குறித்து எளிய இல்லத்தரசிகள் சொல்லும் சிந்தனைகள், குருமடத்தில் நாம் ஆண்டுக்கணக்கில் பயின்ற விளக்கங்களை நாணச் செய்துவிடும். "அம்மா, இதை எழுதித் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "எழுத்தெல்லாம் நமக்கு வராது சாமி" என்பார் ஒருவர். "எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?" என்பார் மற்றவர். வேலைக்குப் போகிறவர் நேரமில்லை என்பார். இவர்களையெல்லாம் விஞ்சும் பக்திமான் ஒருவரும் இருப்பார்: "நம் ஆண்டவர் ஒரு நூலும் எழுதவில்லையே, சாமி!"

பக்தி வேடமிட்ட இந்தச் சோம்பலைத்தான் முதலில் எதிர்க்க வேண்டும். ஆண்டவர் நூல் எழுதவில்லை என்பது மெய்யே. ஒருமுறை விரலால் தரையில் எழுதினார் என்று யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரம் கூறுகிறது. என்ன எழுதினார் என்பதை உடனிருந்தோர் எவரும் குறித்து வைக்கவில்லை. இருபது நூற்றாண்டுகளாக மறைவல்லுநர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். லூக்காவோ, தமக்கு முன்பே பலர் எழுத முயன்றதை அறிந்தும், "நமக்கென்ன" என்று வாளாவிருக்கவில்லை. அனைத்தையும் ஆய்ந்து தியோபிலுக்கு முறைப்படி எழுதினார். பவுலடியார் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில், அதை இலவோதிக்கேயாவின் சபையும் வாசிக்கச் செய்யுமாறும், அங்கிருந்து வரும் திருமுகத்தை இவர்கள் வாசிக்குமாறும் பணிக்கிறார். இலவோதிக்கேயாத் திருமுகம் இன்று நம் கையில் இல்லை.

இத்தகைய இழப்பு நம் தமிழுக்கும் நேர இருந்தது. அந்தாவோ தெ புரோவென்சா என்னும் இயேசு சபைக் குரு தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, அவர் மறைந்தபின் 1679-இல், இன்றைய கேரளத்தைச் சேர்ந்த அம்பலக்காட்டில் அச்சேறியது. அன்றைய மக்களின் பேச்சுமொழியே அதில் பதிவாகியிருந்தது. ஆயினும் நம் மண்ணில் அதன் படி ஒன்றும் எஞ்சவில்லை. 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் அதைக் கண்டெடுத்தவர் யாழ்ப்பாணத்துக் குரு தனிநாயகம் அடிகள். கண்டதோடு அவர் அமைந்துவிடவில்லை. தாம் 1952-இல் தொடங்கிய 'தமிழ்க் கலாசாரம்' என்னும் ஆங்கில முத்திங்களிதழில் பழந்தமிழ் அச்சு நூல்களைப் பற்றி எழுதினார். 1966-இல் அந்த அகராதியையும் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கினார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சான, பதினாறே பக்கமுள்ள 'தம்பிரான் வணக்க'த்தின் கதையும் இதுவே. அதன் படியைக் காண நாம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்ல வேண்டும். கடற்காற்றும் செல்லும் நம் அலட்சியமும் இங்கே தின்று தீர்த்ததை, எவரோ எங்கோ அனுப்பிய ஒரு படி காப்பாற்றியது. எழுதியதைப் பெட்டியில் பூட்டி வைப்போரும் இதைச் சிந்திக்கட்டும்.

நேரமில்லை என்போருக்கு ஒரு பொதுநிலையினரை நினைவூட்டுவோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப் வேலையின் சுமைக்கிடையே நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி அச்சிட்டார், 'நீதிநூல்' பாடினார், 1879-இல் தமிழின் முதல் நாவலையும் வெளியிட்டார்.

இன்றைய நம் நிலையைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் மயிலைக் கடற்கரைக் குப்பங்களையும் அடித்துச் சென்றது. அடக்கப் பதிவேட்டில் பெயர் உண்டு, வயது உண்டு, நாள் உண்டு. அந்தத் தாய் கடைசியாக யாரை அழைத்தாள், எந்த அயலார் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பதற்குப் பதிவேட்டில் கட்டமில்லை. கொண்டல், கச்சான், வாடை என்று காற்றை முகத்தில் உணர்ந்தே பிரித்தறியும் முதியவர்கள் இன்றும் நம் கோயில் நிழலில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததை ஏட்டில் ஏற்றப் பங்குப்பேரவை ஒரு நாளேனும் கூடியதுண்டா? கூடுவதெல்லாம் விழா மலருக்கு விளம்பரம் திரட்டத்தான். மலரைத் திறந்தால் வாழ்த்துச் செய்திகள், நகைக்கடை, ஜவுளிக்கடை, பொன்னாடை போர்த்தும் படங்கள். பங்கின் வரலாறு ஒரு பக்கம். அதுவும் சென்ற மலரில் வந்ததே.

பிறரை மட்டும் சாடி நாம் தப்பிக்க இயலாது. முப்பது ஆண்டுகள் வேதியராயிருந்த ஒரு முதியவர், தாம் சந்தித்த குடும்பங்களைப் பற்றி ஒன்பது நோட்டுகள் எழுதியிருந்தார். வாங்கிப் படிக்க வேண்டும் என்று எண்ணி எண்ணியே நாம் இரண்டு ஆண்டுகள் கழித்தோம். அவர் இறந்தபின் இல்லம் சென்றபோது, வீடு மாற்றுகையில் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டதாக அவர் மகன் கூறினார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை.

தரமணியிலுள்ள ரோஜா முத்தையா நூலகத்தை நம்மவர் சென்று காண வேண்டும். கோட்டையூரில் ஒரு தனி மனிதர், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையுங்கூடச் சேர்த்து வைத்த தொகுப்பு அது. அவர் 1992-இல் மறைந்தார். 1994-இல் அது ஆய்வு நூலகமாயிற்று. நம் ஞானப்பாட்டுப் புத்தகங்களும் பழைய மறைமாவட்ட இதழ்களும் எந்த வீட்டுப் பரண்மேல் கிடக்கின்றனவோ!

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். திருமணமாகி இப்பங்கிற்கு வந்த நாளிலிருந்து தொடங்குங்கள். இலக்கணப் பிழை இருக்கட்டும். எழுதியதை மூன்று படி எடுங்கள்: ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று பங்கு அலுவலகத்திற்கு, ஒன்று ஊருக்கு வெளியே எங்கேனும். அந்த வேதியரைப் பற்றி நம் நினைவில் நிற்பவற்றை நாமும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஆறு பக்கங்களுக்கு மேல் தேறவில்லை.