பூட்டி வைத்த வாத்தியம்

ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன், எமது மாணவன் ஒருவனின் தந்தையார் ஒரு மாலை வேளையில் எமது இல்லத்துக்கு வந்தார். அவருடைய கையிலே உறையிலிட்ட கிற்றார் ஒன்று இருந்தது. "மாஸ்டர், உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதந்தான் இருக்கு. இது வீட்டில இருந்தால் அவன் புத்தகத்தைத் தொடமாட்டான். பரீட்சை முடியுமட்டும் உங்களிட்டை இருக்கட்டும்" என்றார். நாமும் அதிகம் யோசிக்கவில்லை. "நல்ல காரியம்" என்று சொல்லி வாங்கி, அலுமாரிக்குப் பக்கத்திலே சாத்தி வைத்தோம். ஒரு பிள்ளையின் நன்மைக்கு உதவினோம் என்ற மனநிறைவோடு அன்றிரவு உறங்கினோம்.

அந்த மனநிறைவு எவ்வாறு குலைந்தது என்பதைச் சொல்லவே இவ்வாரம் எழுதுகின்றோம்.

ஒருநாள் விடைத்தாள் திருத்திக் களைத்திருந்தபோது, அவ்வாத்தியத்தை எடுத்துப் பார்க்கும் ஆவல் உண்டாயிற்று. உறையினுள்ளே, மாணவன் தன் கைப்பட எழுதிய அப்பியாசத் தாள் ஒன்றும் இருந்தது. தகடு கொண்டு தந்திகளை ஒருமிக்கத் தட்டும் முறையை அவன் பயிலவில்லை. விரல்களாலேயே தந்திகளைத் தனித்தனியே மீட்டும் முறையைப் பயின்றிருந்தான். அத்தாளைப் படித்த பின்னரே அம்முறையின் நுட்பம் எமக்கு விளங்கியது.

கிற்றாரில் ஆறு தந்திகள் உள்ளன. தடித்த மூன்றும் பெருவிரலுக்கு உரியவை. மெல்லிய மூன்றும் முறையே சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றுக்கு உரியவை. பெருவிரல் கடிகாரத்தைப் போல ஒரே சீராகத் தடித்த தந்திகளை மாறிமாறித் தட்டிக்கொண்டிருக்க, மற்றைய விரல்கள் அதன் மேலே மெட்டை வாசிக்கவேண்டும். கேட்பவருக்கு இருவர் வாசிப்பது போலத் தோன்றும். வீணை வாசிப்பவர் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் இராகத்தை மீட்டிக்கொண்டே, சிறுவிரலாலே பக்கத்துத் தாளத் தந்திகளைத் தொடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

விளங்குவது வேறு, விரலுக்கு வருவது வேறு. "முதல் வாரம் பெருவிரல் மட்டும். ஐந்தாந் தந்தி, நாலாந் தந்தி, ஐந்து, நாலு. நிமிடத்துக்கு 60 அடி" என்று தாளில் எழுதியிருந்தது. இதுவரை எம்மால் முடிந்தது. அடுத்த படி, பெருவிரலும் நடுவிரலும் ஒரே கணத்தில் இரு தந்திகளை மீட்டுவது. அதுவும் சில நாட்களில் ஒருவாறு கைவந்தது. அதற்கடுத்த படியிலேதான் நாம் வீழ்ந்தோம். பெருவிரலின் இரண்டு அடிகளுக்கு இடையிலே மெட்டின் ஒரு சுரம் வந்து விழவேண்டும். சுட்டுவிரல் அசைந்த மாத்திரத்தே பெருவிரலும் அதன் பின்னே ஓடியது. அதைப் பிடித்து நிறுத்தினால் சுட்டுவிரல் மறந்துபோயிற்று. உருக்குத் தந்தி அழுத்தி இடக்கை விரல்நுனிகளும் நொந்தன. தாளின் அடியிலே, "பிழை வந்தால் வேகத்தைக் குறை. பெருவிரலை நிறுத்தாதே" என்று அவன் தனக்குத்தானே எழுதி, கீழே கோடும் இட்டிருந்தான். நாற்பது வயதைக் கடந்து, பட்டமும் பெற்று, இருபது ஆண்டுகளாகப் பிறருக்குக் கற்பித்துவரும் நாம், பதினெட்டு வயதுப் பையனொருவன் தாண்டிச் சென்ற படியிலே நின்று தடுமாறினோம். இதை வெறும் விளையாட்டென்று எண்ணியிருந்தோமே என்று வெட்கமுற்றோம்.

அத்தாளிலே அவன் பயின்றுகொண்டிருந்த பாட்டின் பெயர் 'ஃபிரெயிட் ட்ரெயின்', அதாவது சரக்குப் புகையிரதம். அதை ஆக்கியவர் யாரென்று தேடிப் பார்த்தோம்.

அவர் எலிசபெத் கொட்டன் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. 1890களில் வட கரோலைனா மாநிலத்தில், சப்பல் ஹில் என்னும் ஊருக்கு அண்மையிற் பிறந்தவர். தமையன் வீட்டில் இல்லாத வேளைகளில் அவனுடைய வாத்தியத்தை எடுத்துத் தானே பழகிய அச்சிறுமி, வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினாள். இடக்கைப் பழக்கம் உடையவள் ஆகையால், வலக்கைக்காரருக்கெனத் தந்தி கட்டிய வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்தாள். அதனால் பெருவிரல் மெட்டை வாசிக்க, மற்றைய விரல்கள் தடித்த தந்திகளைத் தட்டும் புதுமுறை ஒன்று அவள் கையிலே பிறந்தது. இன்று அம்முறைக்கு அவருடைய பெயரே வழங்குகின்றது. அந்தப் பாட்டை ஆக்கியபோது அவளுக்கு வயது ஏறக்குறையப் பன்னிரண்டு.

இளவயதிலேயே திருமணமாயிற்று. உலகியற் பாட்டுகளை வாசித்தல் தகாது எனத் தேவாலயத்தைச் சார்ந்தோர் அறிவுறுத்தவே, அவர் வாத்தியத்தைப் பெரும்பாலும் கைவிட்டார். இரண்டு தசாப்தங்களுக்கு மேல் அவ்வாறே கழிந்தன. 1940களில், வாஷிங்டன் நகரிலே ஒரு பெரிய கடையில் வேலை செய்தபோது, கூட்டத்திலே தாயைத் தவறவிட்டு நின்ற சிறுமி ஒருத்தியைக் கண்டு தாயிடம் சேர்ப்பித்தார். அத்தாயார் ரூத் குரோஃபர்ட் சீகர் என்னும் இசையமைப்பாளர். அந்தப் பழக்கத்தினால் கொட்டன் அம்மையார் அவ்வீட்டுக்கே வேலைக்குச் சென்றார். அங்கே சுவரிலே கிற்றார் ஒன்று தொங்கியது. வேலைகளுக்கிடையே அதை எடுத்து, மறந்த விரல்களை மெல்ல மெல்ல மீட்டெடுத்தார். அவ்வீட்டு மகன் மைக் சீகர் அவருடைய வாசிப்பைப் பதிவு செய்ய, 1958ஆம் ஆண்டில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அப்போது அம்மையார் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1985இல், தொண்ணூறு வயதளவில், கிராமி விருதும் பெற்றார், 1987இல் மறைந்தார்.

முயற்சிக்கு முதுமை தடையன்று என்பதற்கு எடுத்துக்காட்டாகவே இக்கதை சொல்லப்படுவதுண்டு. அது உண்மையே. ஆயினும் எமது சிந்தை வேறொன்றிலே சென்றது. பன்னிரண்டு வயதில் அத்தகைய பாட்டை ஆக்கிய கை, சும்மா இருந்த அந்த ஆண்டுகளில் எத்தனை பாட்டுகளை ஆக்கியிருக்கும்? அக்கையை நிறுத்தியவர்கள் தீயவர் அல்லர். அவருடைய நன்மையையே நாடியவர்கள். நாமும் அப்படித்தானே அந்த வாத்தியத்தை வாங்கி வைத்தோம்?

மறுநாள் முதல் அம்மாணவனை வகுப்பிலே கூர்ந்து கவனித்தோம். நாம் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அவனுடைய வலக்கைப் பெருவிரல் மேசை விளிம்பிலே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. தவணைப் பரீட்சையில் அவனுடைய புள்ளிகள் உயரவுமில்லை; பௌதிகவியலில் முன்னையதிலும் ஐந்து குறைந்திருந்தது. தனியே அழைத்து வினவினோம். "படிக்க இருந்தாலும் மனம் நிக்குதில்லை, சேர். கை பழகினதெல்லாம் போயிடுமோ எண்டு பயமாயிருக்கு" என்றான்.

சென்ற சனிக்கிழமை நாமே அவனது இல்லத்துக்குச் சென்று கிற்றாரைத் திருப்பிக் கொடுத்தோம். நாளொன்றுக்கு அரை மணித்தியாலம், மாலையிலே, அன்றைய பாடம் முடிந்த பின் மட்டும் என்பது நிபந்தனை. தந்தையார் எம்மைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் சொன்னால் சரி, மாஸ்டர். ஆனால் புள்ளி குறைஞ்சால் உங்களைத்தான் கேட்பன்" என்றார். "தாராளமாகக் கேளுங்கள்" என்றோம்.

பெற்றோரே, பரீட்சையின் பொருட்டு வாத்தியத்தின் நேரத்தைக் குறையுங்கள்; வாத்தியத்தை அகற்றிவிடாதீர்கள். மாணவர்களே, அந்த அரை மணித்தியாலத்தைத் திருடி ஒரு மணித்தியாலம் ஆக்காதீர்கள். உங்களுக்காகப் பேசியவர்களின் வாக்கு அதிலே தங்கியிருக்கின்றது.

பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதங்கள் உள. பெறுபேற்றை நாமும் அஞ்சியே எதிர்பார்த்திருக்கின்றோம். எமது இல்லத்திலே அலுமாரிப் பக்கம் இப்போது வெறுமையாய் இருக்கின்றது. விடைத்தாள் திருத்தும் வேளைகளில், எமது பெருவிரல் தானாகவே மேசையிலே தட்டத் தொடங்குகின்றது. ஐந்து, நாலு, ஐந்து, நாலு. சுட்டுவிரல் இன்னமும் இணங்கவில்லை.