ரத்தம் கொடுத்தவருக்குப் பதில் சொல்லுங்கள்

அரசு ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தே தலை நரைத்தவன் நான். ஓய்வுக்குப் பின் மரக்காணம் அருகே பிரம்மதேசத்தில் இருக்கிறேன். மரக்காணம் உப்பளங்களுக்குக் கூலிக்குப் போகும் இருளர் குடும்பங்களிடம் அரிவாள் செல் ரத்தசோகைப் பரிசோதனைக்கு முகாம் போட்டு ரத்தம் எடுத்துப் போனால், அப்புறம் என்னிடம்தான் கேட்பார்கள்: "எடுத்துக்கினு போனாங்களே சார், என்னா வியாதின்னு சொல்லுவாங்களா?"

நியாயமான கேள்வி. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகையின் கூறு முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அதைக் கண்டறிந்த லேமன், கட்புஷ் இருவரின் ஆய்வு 1952இல் வெளிவந்தது. நாடு தழுவிய ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற சில இடங்களே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தன. அந்த இயக்கத்தின் இலக்கு பெரிது: 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் ஒழிப்பு.

ஆனால் பழங்குடி என்றாலே மலை என்று நினைக்கிறோம். கடலோர இருளரும் பழங்குடிதான். இந்த நோய் உள்ளவருக்கு உடலில் நீர் வற்றினால் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்பே பிளப்பதுபோல் வலிக்கும். நிழலே இல்லாத உப்புப் பாத்தியில் அப்படி ஒருவர் சுருண்டால் 'வெயில் அடிச்சிடுச்சு' என்று மோர் கொடுத்து அனுப்பிவிடுவோம். வலி அடிக்கடி வராமல் குறைக்க ஹைட்ராக்சியூரியா மாத்திரை இருக்கிறது. நோய் தெரிந்தால்தானே அதைக் கொடுக்க முடியும்?

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த நோயின் மரபணு வந்தவர் நோயாளி அல்ல, கடத்துபவர். கடத்துபவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு நோய் வர வாய்ப்புண்டு. இதைத் தனியே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். முகாமில் பெயரோடு கூவினால் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவதே சிரமமாகிவிடும். (செவிலியர்களுக்கு இது தெரியும், அவசரப்படுத்துகிறவர்கள் மேலே இருக்கிறார்கள்.)

ரத்தம் கொடுத்தவருக்குப் பதில் சொல்லாதது வேறு நாட்டிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹவாசுப்பாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதை மனநோய் ஆய்வுக்கும், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று அறியவும் பயன்படுத்தினார்கள். இதற்காக அவர்கள் தொடுத்த வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தது: 7 லட்சம் டாலர் இழப்பீடு, மிஞ்சிய ரத்தமும் திரும்பி வந்தது.

நம் அதிகாரிகளிடம் கேட்பது சின்ன விஷயம். காலை பத்து மணிக்கு வந்தால் பூட்டிய குடிசைகள்தான் இருக்கும், சாயங்காலம் வாருங்கள். போன முகாமின் முடிவுகளைத் தமிழில் எழுதி, அவரவர் கையில் கொடுத்து விளக்குங்கள். அடுத்த ஊசியை அதற்கப்புறம் எடுக்கலாம்.