குளிர்ப் பிரதேசமும் எரிவாயுக் கலவையும்

பெரகலச் சந்தியிலே ஏ4 பெருஞ்சாலை கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவின் உஷ்ணச் சமவெளியை நோக்கி இறங்க, ஏ16 சாலை சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளைக்கு ஏறி, அப்பால் பண்டாரவளைக்குச் செல்கிறது. ஆகவே ஒரே நாளில் ஒரே களஞ்சியத்திலிருந்து விநியோகிக்கப்பட்ட இரண்டு சிலிண்டர்களில் ஒன்று வியர்வை சிந்தும் சமையற்கட்டுக்கும், மற்றொன்று மார்கழி இரவில் பனிமூட்டத்துக்குள் நிறுத்தப்பட்ட ஒரு கேம்பர் வானுக்கும் போய்ச் சேரக்கூடும் என்பதை இப்பகுதியில் எரிவாயு விநியோகத் தொழில் செய்யும் நாம் எப்போதும் நினைவில் வைத்திருத்தல் அவசியம். வெளியே உருவத்திலும் நிறத்திலும் அவை ஒன்றே. உள்ளே அவை நடந்துகொள்ளும் விதமோ வேறு.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் சைபருக்குக் கீழே 42 பாகை செல்சியஸ் வரையிலும் ஆவியாகும் இயல்புடையது. சாதாரண பியூட்டேனோ சைபர்ப் பாகையை அண்மியதும் ஆவியாக மறுத்துத் திரவமாகவே தங்கிவிடும். குளிர்காலத்தில் அடுப்பு மங்கும்போது “கேஸ் உறைந்துவிட்டது” என்று வாடிக்கையாளர் சொல்வது வழக்கம். ஆனால் உறைவது எரிவாயுவன்று, சிலிண்டரின் புறத்தே படியும் காற்றின் ஈரமே. திரவம் ஆவியாகும்போது தன்னிடமிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், வெளிக்காற்று பத்துப் பாகையில் இருந்தாலும் ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து இழுக்கும் சிறு சிலிண்டரின் உள்ளே உஷ்ணம் அதனினும் கீழிறங்கும். அத்துடன் புரொப்பேன் விரைந்து வெளியேறிவிட, அடியில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேனாகவே இருக்கும். முழுச் சிலிண்டரில் செவ்வனே எரிந்த அடுப்பு, பாதி தீர்ந்தபின் விடியற்காலையில் அணைந்துபோவதன் இரகசியம் இதுவே. காலியாகிவிட்டதென்று திருப்பிக் கொண்டுவரப்படும் சிலிண்டரைத் தராசில் ஏற்றி, அதன் மேல் பொறிக்கப்பட்ட வெற்று நிறையைக் கழித்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

அப்படியாயின் புரொப்பேனைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அந்த எண்ணத்தின் மறுபக்கத்தை 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை முழுதும் கண்டது. ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு பியூட்டேன் கொண்ட கலவைக்குப் பழகிய வீடுகளுக்குப் புரொப்பேன் மிகுந்த கலவை அறிவிப்பின்றி வந்து சேர, வீடு வீடாக வெடிப்புச் செய்திகள் எழுந்தன. நவம்பர் இறுதியில் ஜனாதிபதி நியமித்த எண்மர் குழு, கலவை மாற்றமே பிரதான காரணமென்று கூறிற்று. அழுத்தம் ஏறியபோது தளர்ந்துபோன ஹோஸும் தேய்ந்த ரெகுலேட்டரும் அதைத் தாங்கவில்லை. மலைக்கு நன்மையான கலவை சமவெளிக்கு நன்மையாகாது என்பதும், கருவிகள் மாறாமல் கலவை மட்டும் மாறலாகாது என்பதும் உயிரிழப்பின் விலையில் நமக்குப் புகட்டப்பட்ட பாடங்கள். விகிதத்தைச் சிலிண்டரின் மேலேயே தெளிவாக எழுத வேண்டுமென்று அன்று எழுந்த கோரிக்கையை நாம் ஒருபோதும் கைவிடலாகாது.

நோர்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் குடியேறிய நம்மவர் குளிர்காலத்தில் மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்துப் பிரயாணம் செய்வதும், விடுமுறையில் வந்து அதே வழக்கங்களை இங்கும் கைக்கொள்வதும் உண்டு. அங்கே கடுங்குளிருக்குப் புரொப்பேன் சிலிண்டரையே நாடுகிறார்கள். அண்மைக்கால வாகனங்களில் உபகரணங்கள் 30 மில்லிபார் அழுத்தத்துக்கென்றே அமைக்கப்படுகின்றன. ஆனால் சிலிண்டர் வாயின் அமைப்பு தேசத்துக்குத் தேசம் வேறுபடுவதால், ஒரு நாட்டில் வாங்கியதை அடுத்த நாட்டில் மாற்றிக்கொள்ள இயலாது தவிப்பவர் பலர். அத்தகைய வாகனத்தின் ரெகுலேட்டரை நம் சிலிண்டரில் ஏதோவொரு இணைப்பானைக் கொண்டு பொருத்தித் தரும்படி யாரேனும் கேட்டால், எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுவதே நம் கடமை.

எரிவாயு வராமை சிறு சங்கடமே. அதைச் சரிசெய்ய மனிதர் செய்வனவே பேராபத்து. சிலிண்டரின் அடியில் மெழுகுவர்த்தி வைப்போரும், கொதிநீர் ஊற்றுவோரும் உளர். இவற்றுக்கெல்லாம் பதிலாக, 2.3 கிலோ சிலிண்டருக்கு மாற்றாக 12.5 கிலோ சிலிண்டரைக் கொடுத்தாலே, ஆவியாகும் பரப்பு கூடித் துன்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரெகுலேட்டரைச் சிலிண்டர் வாயைவிட உயரத்தில் பொருத்தினால், குழாயில் திரளும் திரவம் அதற்குள் செல்லாமல் திரும்பி வடியும்.

குளிர் நுழைகிறதென்று வாகனத்தின் தரைத்துவாரங்களைத் துணியால் அடைக்கும் பழக்கத்தை மட்டும் நாம் கண்டவிடத்தே தடுக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனமானவையாதலின், கசிந்த வாயு தரையோடு தவழ்ந்து அந்தத் துவாரங்களின் வழியாகவே வெளியேற வேண்டும். அன்றியும் மூடிய அறையில் ஒட்சிசன் குறைய எரியும் சுவாலை, நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டை உண்டாக்கி, உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். லயத்து அறையில் கதவைச் சாத்திக் குளிர்காயும் தொழிலாளர் குடும்பத்துக்கும் இந்த அபாயம் உண்டு. ஆதலால் அடுத்த முறை சிலிண்டரை ஒப்படைக்கும்போது, இது எங்கே போகிறது, அங்கே இரவில் யார் உறங்குவார், காற்று எவ்வழி போய்வரும் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டு, பதில் திருப்தியளித்த பின்னரே ரசீதை எழுதுமாறு நம் அங்கத்தவர்களை வேண்டுகிறோம்.