சொல்தா மாமாவின் மான் சீசன்

புதுச்சேரி சாரத்தில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் ஒரு பெரியவர் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். எங்களுக்கு 'சொல்தா மாமா'. போன ஞாயிறு மான் வேட்டையைப் பற்றிப் பாடமெடுத்தார். "அமெரிக்காக்காரன் வருஷா வருஷம் சுடுறான், மான் பெருகுது. நாம சட்டம் போட்டு வச்சிருக்கோம், ஒண்ணையும் காணோம். சீசன் வச்சுச் சுட விடணும்." பெஞ்சில் நாலு பேர் தலையாட்டினார்கள். வயசுக்கு மரியாதை கொடுத்து அன்று சும்மா இருந்துவிட்டேன்.

மாமா, அந்த அமெரிக்க வெண்வால் மான் கதையில் பின்பாதியை மட்டும் சொன்னீர்கள். கறிக்கும் தோலுக்கும் சுட்டுத் தள்ளியதில், 1900 வாக்கில் அமெரிக்காவில் மிஞ்சியவை சுமார் 5 லட்சம். அதன்பின் பல மாநிலங்கள் வேட்டையையே ஆண்டுக்கணக்கில் மூடின. மான் இருந்த இடத்தில் பிடித்து இல்லாத இடத்தில் விட்டன. 1937 முதல் துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர்களுக்குப் போகிறது. இன்று 3 கோடி மான். ஓநாயையும் பூமாவையும் பெரும்பாலான இடங்களில் தீர்த்துக்கட்டிவிட்டதால், மானைக் குறைக்க மனிதன் போக வேண்டியிருக்கிறது. முதுமலையில் அந்த வேலையைப் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் லைசென்ஸ் கேட்காமல் பார்த்துக்கொள்கின்றன.

உங்கள் வாதம் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் நம் புள்ளிமானை அந்தமானில் கொண்டுபோய் விட்டார்கள். புலியில்லாத தீவு; இன்று இளஞ்செடிகளை மேய்ந்து, காடு புதிதாகத் தழைக்க விடாமல் செய்கிறது. அங்கே போய்ப் பேசுங்கள், கேட்கிறேன்.

சீசன் என்றீர்களே, எந்த மாதம்? வெண்வால் மான் கூடுவது இலையுதிர்காலத்தில், குட்டி போடுவது கோடை தொடங்கும்போது. அதனால் அவர்களால் மாதம் குறிக்க முடிகிறது. புள்ளிமானுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆண்டு முழுக்க எப்போதும் ஏதோ ஒரு பிணை சினையாகவோ குட்டியோடோ நிற்கும். ஒரு கிடா கொம்பு உதிர்த்து நிற்கும்போது பக்கத்துக் கிடாவுக்குக் கொம்பு முற்றியிருக்கும். நீங்கள் எந்தத் தேதியில் சுட்டாலும் ஒரு குட்டி அநாதையாகும்.

"கொம்புல கிளையை எண்ணி, கிழட்டு மானாப் பார்த்து அடிச்சாப் போச்சு" என்றதுதான் உச்சம். வெண்வால் மானிலேயே அந்தக் கணக்கு தப்பு. கொம்பு தீனியைப் பொறுத்தும் பிறவியைப் பொறுத்தும் வளரும். வயசு பார்க்கிறவர்கள் பல் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். புள்ளிமானுக்கோ வளர்ந்த கொம்பு ஒவ்வொன்றிலும் வழக்கமாக மூன்றே கிளை. உங்கள் கணக்குப்படி காட்டிலுள்ள கிடாக்கள் எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை.

ஒண்ணையும் காணோமாம். சென்னைக்குள் 270 ஹெக்டேர்தான் கிண்டி பூங்கா. அங்கே புள்ளிமான் மேய்கிறது. கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் வைத்தார்கள். வெளிமான் கண்முன் துள்ளுகிறது. பஸ் ஏறினால் தெரியும்.

பயிர் அழிகிறதே என்று கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. 2015-இல் பீகாரில் நீலகாயைச் சுட அனுமதித்ததும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். விவசாயி என்ற சொல்லே உங்கள் பேச்சில் வரவில்லை. கடைசியில் நீங்கள் கேட்டது, "சீசன் வந்தா கறி கிலோ என்ன விலை போகும்?" என்று. நீங்கள் மெச்சும் அமெரிக்காவில், பெரும்பாலான மாநிலங்களில் வேட்டையாடிய வெண்வால் மானின் கறியை விற்பது குற்றம்.