காசுப் பஞ்சமும் காசு சேர்ப்போரும்

பழங்காசு சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றும், நாட்டில் வியாபார மந்தம் வந்தால் முதலில் படுத்துவிடுவது அதுதான் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறார்கள். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி இதைவிட ஸ்வாரஸ்யமானது. 1929-ம் வருஷம் அக்டோபர் மாதம் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்ததைத் தொடர்ந்து அமெரிக்காவில் உண்டான பெரு மந்தத்தின் கதையைக் கேட்டால் நேயர்களுக்கு இது விளங்கும்.

1933-ம் வருஷத்தில் அந்நாட்டின் உழைப்பாளிகளில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார். வாங்குவோர் இல்லாத கடையில் சில்லறைக்கு என்ன வேலை? ஆகவே நாணயச் சாலைகளும் கைகட்டி நின்றன. 1930, 1931, 1932 ஆகிய மூன்று வருஷங்களிலும் அரை டாலர் காசு ஒன்றுகூட அடிக்கப்படவில்லை. 1931-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ சாலை அடித்த ஒரு செண்டுக் காசுகள் 8,66,000 மட்டுமே. அத்தனை பெரிய தேசத்துக்கு இது மிக அற்பம். வேடிக்கையைப் பாருங்கள்! ஜனங்களின் கையில் காசு இல்லாத காலமே, பிற்காலத்தார் தேடி அலையும் அபூர்வக் காசுகளைப் பிறப்பித்தது.

அந்த வறுமையிலேதான் காசு சேர்க்கும் வழக்கம் மாளிகையிலிருந்து இறங்கிச் சாமானியர் வீட்டுக்கு வந்தது. 1934-ல் விஸ்கான்ஸின் மாகாணத்தைச் சேர்ந்த போஸ்ட் என்பவர் ஓர் அட்டையைத் தயாரித்தார். வருஷத்துக்கு ஒன்றாக, சாலைக்கு ஒன்றாக, அதில் துளைகள் இருந்தன. கைக்கு வரும் சில்லறையில் அந்தந்த வருஷத்துக் காசைப் பொறுக்கித் துளையில் பதிக்கவேண்டும். ரேஸீன் நகரத்து விட்மன் பிரசுராலயத்தார் அந்த யோசனையை விலைக்கு வாங்கி, அட்டையை 25 செண்டுக்கு விற்றார்கள். மாலையில் சில்லறையை மேஜைமேல் கொட்டி ஆராய்வது குடும்பத்துக்கெல்லாம் வேடிக்கையாயிற்று. இதில் நஷ்டம் என்ன? ரொட்டிக்கு இல்லாத நாளில் துளையிலிருந்து காசை எடுத்துக் கடைக்குக் கொடுத்துவிடலாம். செண்டு செண்டாகவே இருக்கும்.

கஷ்ட காலத்தில் ஆசையும் வளரும் அல்லவா? 1913-ம் வருஷமிட்ட ஒருவகை ஐந்து செண்டுக் காசைக் கொணர்வோருக்கு 50 டாலர் தருவதாக, டெக்ஸாஸ் வியாபாரி மெஹல் பத்திரிகைகளில் விளம்பரம் செய்துவந்தார். அந்தக் காசு உலகிலேயே ஐந்துதான் உண்டு. காசு அகப்படாவிட்டாலும், அவர் வெளியிட்ட விலைப் புஸ்தகம் அமோகமாக விற்பனையாயிற்று.

பிறகு லாபவேட்டைக்காரர்கள் புகுந்தார்கள். 1936-ல் ஸின்ஸினாட்டி நகரின் சங்கீதப் பெருமையைக் கொண்டாடுவதாகச் சொல்லி அரை டாலர் ஞாபகார்த்தக் காசுகள் வந்தன. மூன்று காசுகள் கொண்ட தொகுதியின் முகமதிப்பு ஒன்றரை டாலர். விற்ற விலை 7 டாலர் 75 செண்டு. அதுபோன்ற தொகுதிகள் கைமாறக் கைமாற விலை பன்மடங்கு ஏறியது. சீக்கிரமே மோகம் கலைந்து, விலையும் இறங்கியது. 1939-ல் அமெரிக்கச் சட்டசபை பழைய அனுமதிகளின்பேரில் மேலும் இத்தகைய காசு அடிக்கலாகாதென்று தடுத்துவிட்டது. விலைக்காக வாங்கியவர்கள் விலையோடு ஓடினார்கள். காசுக்காக வாங்கியவர்கள் காசோடு நின்றார்கள்.

1933 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், குடிகள் தம்மிடமுள்ள தங்கத்தை ஒப்படைக்கவேண்டுமென்று உத்தரவிட்டார். அவ்வுத்தரவே, சேகரிப்போர் மதிக்கும் அபூர்வத் தங்கக் காசுகளுக்கு விலக்களித்தது. உலோகம் வேறு, காசு வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

சட்டம் விலக்களிக்கும்; வறுமை விலக்களிக்காது. அதே மந்தத்தில் நம் நாட்டிலும் தானிய விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. நிலவரியும் கடன் வட்டியும் அப்படி விழவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்கப் பிரமாணத்தைக் கைவிட்டதும் ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறிற்று. குடியானவர்களின் நகைகளும் சவரன்களும் கடைத்தெருவுக்கு வந்து, பம்பாய்த் துறைமுகத்தின் வழியே கப்பலேறின. காசுமாலையை மூசையில் இடுகிற தட்டான், காசின்மேல் எந்த அரசனின் முத்திரை என்று பார்ப்பதில்லை. மாற்றையும் எடையையும் மட்டுமே பார்க்கிறான்.

கஷ்டத்தில் பாட்டனார் பெட்டியைத் திறக்கும் குடும்பங்களை நாம் குறைகூறவில்லை. பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியச் செலவுக்கும் உதவாத பழங்காசு இருந்தென்ன? ஆனால் விற்குமுன் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, பழமை வேறு, அருமை வேறு. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் வருஷத்தது; எனினும் ஏராளமாய்க் கிடைப்பதால் சொற்ப விலைக்கே போகிறது. 1939-ம் வருஷமிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாயோ வெகு அபூர்வம். இரண்டாவது, வீட்டுப் பெண்மணிகள் நம்மை மன்னிக்கவேண்டும், காசைப் புளியிட்டுத் துலக்கக்கூடாது. பளபளப்பு ஏற ஏற மதிப்பு இறங்கும். மூன்றாவது, எடைக்கு வாங்குபவரிடம் போகுமுன், காசை அறிந்தவர் இருவரிடமாவது காட்டவேண்டும்.

நான்காவது மிக முக்கியம். கொள்ளைநோயால் பிழைப்பு நலிந்திருந்த 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ரிஸர்வ் பாங்கு ஜனங்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பழைய காசுகளையும் நோட்டுகளையும் வாங்குவதாகச் சொல்லி, பாங்கின் பெயரையும் சின்னத்தையும் காட்டிச் சிலர் கமிஷனும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்றும், பாங்கு அத்தகைய வியாபாரம் செய்வதே இல்லை என்றும் அது தெரிவித்தது. மெஹலின் வாசகர்கள் ஒரு புஸ்தகமாவது பெற்றார்கள். இவர்களிடம் சிக்குவோருக்கு அதுவும் இல்லை. உங்கள் காசை வாங்க வருகிறவன் உங்களிடமே பணம் கேட்டால், அவனிடம் நாணயம் இல்லையென்று தெரிந்துகொள்ளுங்கள்.

மந்தம் வரும், போகும். காசை விற்ற வீடு பிறகு வேறு காசு வாங்கிக்கொள்ளலாம். உருகிப்போன காசை எந்தச் சாலையும் திரும்ப அடித்துத் தராது. விற்கவேண்டிய அவசியம் நேர்ந்தால் விற்றுவிடுங்கள். ஆனால் காசாகவே விற்றுவிடுங்கள்.