குணமாகாதது குறையா?

ஆன் என்ரைட்டின் 'த கேதரிங்' (2007இல் புக்கர் பரிசு பெற்ற ஐரிஷ் நாவல்) பற்றி வாசகர் சந்திப்பில் பேசினோம். நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார்: "எல்லாம் தெரிஞ்சுபோச்சு, ஆனா யாருமே குணமாகலையே!"

நான் தொழிற்சாலைப் பொறியாளன். இயந்திரம் நின்றால் மூலகாரணத்தைத் தேடுவோம், அறிக்கை எழுதுவோம், கோப்பை மூடுவோம். நாவலையும் அப்படித்தான் வாசிக்கிறோம். லியம் பிரைட்டன் கடலில் இறங்கிச் செத்தான். ஏன்? சிறுவயதில் பாட்டி வீட்டில் நியூஜெண்ட் செய்த கொடுமை. கேஸ் முடிந்தது!

எங்கே முடிந்தது? தங்கை வெரோனிகா தான் பார்த்ததையே முழுசாக நம்புவதில்லை. நம்பும்போதும் தூக்கம் வரவில்லை. கணவனை விட்டு விலகி, ராத்திரியெல்லாம் விழித்திருந்து எழுதுகிறாள், காரை எடுத்துக்கொண்டு சுற்றுகிறாள். பன்னிரண்டு பிள்ளை பெற்ற அம்மாவுக்கோ பெயர்களே குழம்புகின்றன. அம்மாவிடம் எதையும் சொல்லிவிடக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். அவளை வில்லியாக்கி நாம் தப்பிக்கவும் வழியில்லை.

திருச்சபை நடத்திய விடுதிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகள் பட்டதற்கு அயர்லாந்து அரசு 1999இல் மன்னிப்புக் கேட்டது. ஆணைய அறிக்கை 2009இல் வந்தது. சரி, பாட்டி வீட்டு வரவேற்பறைக்கு எந்த ஆணையம் வரும்? என்ரைட் அங்கேதான் போகிறார். போய், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறார். இந்த நேர்மையைத்தான் நண்பர் குறை என்கிறார்.

அடுத்த மாதத்துக்கு 'மனசுக்கு இதமான' நாவல் ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார். கண்டிப்பாகப் போவேன், சண்டை போட.