கட்டணத்தை மறைக்காதீர், கடனை மறுக்காதீர்

பிளஸ் டூ தேர்வு எழுதும் பிள்ளையின் மனத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரே திரண்டு நிற்கிறது. பள்ளி நிற்கிறது, கட்-ஆஃப் கணக்கிடும் ஆலோசகர்கள் நிற்கிறார்கள், தரவரிசைப் பட்டியல் வருகிறது, கலந்தாய்வு நடக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

ஆள் இல்லாமல் இல்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாய் திறக்கவில்லை. கல்லூரிகள் கட்டணத்தை மறைக்கின்றன. வங்கிகள் கடனை மறுக்கின்றன. அரசுத் துறைகள் உதவித்தொகையை இழுத்தடிக்கின்றன. ஆண்டுதோறும் இது நடக்கிறது. ஆண்டுதோறும் யாரும் தண்டிக்கப்படுவதில்லை.

முதலில் கல்லூரிகள். தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கான கல்விக் கட்டணத்தை 2017இல் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்தது. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், மற்றவற்றுக்கு 50,000 ரூபாய். முதல் பட்டதாரி மாணவருக்கு அதில் 25,000 ரூபாயை அரசு ஏற்கிறது. காகிதத்தில் இது ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கக்கூடிய தொகை. அதை நம்பித்தான் பிள்ளை விருப்பப் பட்டியலில் அந்தக் கல்லூரியைக் குறிக்கிறது.

சேர்க்கை நாளில் அலுவலக ஜன்னலில் நீட்டப்படும் சீட்டில் வேறு தொகை இருக்கிறது. வளர்ச்சிக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், பிளேஸ்மென்ட் பயிற்சிக் கட்டணம், பேருந்துக் கட்டணம். பேருந்தில் ஏறாத பிள்ளையிடமும் பேருந்துக் கட்டணம் கேட்கப்படுகிறது. விடுதிக் கட்டணம் பல கல்லூரிகளில் கல்விக் கட்டணத்தையே தாண்டி நிற்கிறது. சில தொகைகளுக்கு ரசீது உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கேள்வி கேட்டால் இடம் போய்விடும் என்ற அச்சத்தில் பெற்றோர் கட்டிவிடுகிறார்கள். அந்த அச்சத்தின் மேல்தான் இந்த வசூல் நடக்கிறது.

நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. கல்வியில் கொள்ளை லாபம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் தெளிவாகச் சொன்னது. சட்டம் இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. குழு இருக்கிறது. சேர்க்கை நாளில் அந்த ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் தந்தைக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை. உயர்கல்வித் துறையின் பறக்கும் படை எங்கே? புகார் வந்தால் விசாரிப்போம் என்று சொல்லும் அதிகாரிகளே, நான்கு ஆண்டுகள் அதே கல்லூரியில் படிக்க வேண்டிய பிள்ளை எந்தத் துணிச்சலில் புகார் எழுதும்?

அடுத்தது வங்கிகள். நம் கண்டனத்தின் பெரும்பகுதி இவர்களுக்கு உரியது.

கல்விக் கடன் வங்கிகள் போடும் பிச்சை அல்ல. அது முன்னுரிமைக் கடன் என்று ரிசர்வ் வங்கி வகைப்படுத்தியிருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையும் தேவையில்லை, மூன்றாம் நபர் ஜாமீனும் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். 7.5 லட்சம் வரை பிணையின்றிக் கொடுப்பதற்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. மாணவர் வீடு எங்கள் கிளையின் எல்லைக்குள் இல்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது.

கிளைகளில் நடப்பது என்ன? வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மதிப்பெண் பட்டியல், கல்லூரியின் போனஃபைடு, கட்டண விவரம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தாயும் மகளும் வருகிறார்கள். அந்த உறை திறக்கப்படுவதே இல்லை. "உங்க ஏரியா எங்களுக்கு வராதும்மா." "மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க." "வீட்டுப் பத்திரம் இருக்கா?" "அப்பாவோட சிபில் சரியில்லையே." எதுவும் எழுத்தில் இல்லை. எல்லாம் வாய்மொழி. விண்ணப்பத்தையே வாங்காவிட்டால் நிராகரித்த கணக்கும் ஏறாது. இந்தத் தந்திரத்தை அறியாத உயர் அதிகாரி ஒருவரும் இல்லை.

விண்ணப்பத்தை நிராகரிக்கக் கிளை மேலாளருக்குத் தனி அதிகாரம் கிடையாது. அவருக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், காரணமும் பதிவாக வேண்டும். மாதிரித் திட்டமே இதைச் சொல்கிறது. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒரு மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. விதிகளைக் கற்றுத் தெளிந்தவர்கள் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, விதி தெரியாதவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். இது கவனக்குறைவு அல்ல. கடமை தவறுதல்.

கொடுக்கத் தயங்கும் வங்கிகள் வசூலிக்கத் தயங்குவதில்லை. மாணவர்களின் கடன் கணக்குகளைத் தனியார் நிறுவனத்துக்கு விற்ற வங்கியையும், கடன் நெருக்கடியில் 2016இல் மதுரையில் ஓர் இளம் பொறியாளர் உயிரை மாய்த்துக்கொண்டதையும் தமிழகம் மறக்கவில்லை.

2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பிணை இல்லை, ஜாமீன் இல்லை என்று அறிவித்தார்கள். ஆனால் தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். தொடக்கத்தில் அவை 860. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தின் அரசுப் பள்ளியில் படித்து, பக்கத்து மாவட்டத்தில் ஒரு சாதாரணக் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு அந்தக் கதவும் மூடித்தான் கிடக்கிறது. கடன் யாருக்கு அதிகம் தேவையோ அவரை வெளியே நிறுத்தும் திட்டத்தை ஏழைகளின் திட்டம் என்று அழைக்க முடியாது.

மூன்றாவது, அரசின் சொந்தப் பணம். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 சொல்கிறது. அரசாணை கோப்பில் பத்திரமாக இருக்கிறது. பணம் கல்வியாண்டின் பாதியில் வருகிறது, முடிவில் வருகிறது, அடுத்த ஆண்டிலும் வருகிறது. கல்லூரி காத்திருப்பதில்லை. "இப்போது நீங்கள் கட்டுங்கள், அரசிடம் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறது. கட்டாதவர் வகுப்பில் எழுப்பி நிறுத்தப்படுகிறார். ஹால் டிக்கெட் மறுக்கப்படுகிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தும் அவை பீரோவில் பூட்டப்படுகின்றன. உதவித்தொகைக்கான வருமான வரம்பு இன்னும் 2.5 லட்சம் ரூபாயில் நிற்கிறது. கடந்த பத்தாண்டுகளில் அரிசி விலை நிற்கவில்லை, பேருந்துக் கட்டணம் நிற்கவில்லை, விடுதிக் கட்டணம் நிற்கவில்லை. வரம்பு மட்டும் நிற்கிறது.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசு ஏற்பதும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வழங்குவதும் நல்ல பணிகள். அவற்றைக் காட்டி மேலே சொன்ன தவறுகளை மூட முடியாது.

இவர்கள் எல்லோரும் கைவிட்ட இடத்தில் பிள்ளை தனியாகக் கணக்குப் போடுகிறது. இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. டியூஷன், ஹாஸ்டல், மெஸ், பஸ், புத்தகம். அடுத்த வரியில் அம்மாவின் தோடு, மகளிர் குழுக் கடன், மூன்று வட்டிக்குக் கொடுப்பவரின் பெயர். மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். அந்தக் கணக்கு முடியும்போது விருப்பமும் முடிந்துவிடுகிறது. நல்ல கட்-ஆஃப் வைத்திருக்கும் பெண், விடுதிக்குப் பணமில்லாமல் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த படிப்பில் சேர்கிறாள். இன்னொருத்தி, தம்பி படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போகிறாள். மதிப்பெண் வாங்குவது அவர்கள் வேலை. வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை.

சாக்குகள் போதும். கலந்தாய்வுக்கு முன்பே ஒவ்வொரு கல்லூரியும் படிப்பு முடியும் வரையிலான மொத்தச் செலவை, விடுதி, பேருந்து, பயிற்சி உட்பட, வெளியிட வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் இணைப்பு அங்கீகாரம் ரத்தாக வேண்டும். கல்விக் கடன் விண்ணப்பம் எந்தக் கிளையில் கொடுக்கப்பட்டாலும் அன்றே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். முப்பது நாளுக்குள் முடிவு வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதி, மேலதிகாரி கையெழுத்திட்டுத் தர வேண்டும். கிளை வாரியாக வந்தவை எத்தனை, கொடுத்தவை எத்தனை என்பதை மாவட்ட ஆட்சியரும் முன்னோடி வங்கி மேலாளரும் மாதந்தோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். உதவித்தொகை வரும் வரை அதற்குரிய மாணவரிடம் கட்டணம் கேட்கும் கல்லூரி முதல்வர் மீது வழக்குப் பதிய வேண்டும்.

பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வருகின்றன. உயர்கல்வித் துறைச் செயலருக்கும் மாநில அளவிலான வங்கியாளர் குழுவுக்கும் அதுவரை நேரம் இருக்கிறது. கட்டணத்தை வெளியிடாத கல்லூரி கலந்தாய்வுப் பட்டியலில் இருக்கக் கூடாது. விண்ணப்பத்தை வாங்க மறுக்கும் மேலாளர் அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது.